பிள்ளையின் சமயமும் பெற்றோரின் அதிகாரமும் – ஒரு நோக்கு

அறவியலின் பெரும் வினாக்கள் பெரும் நிகழ்ச்சிகளின்போதே எழும் என்று கொள்வதற்கில்லை. பாடசாலை விடுமுறையின்போது வீட்டு மேசைமீது வைக்கப்படும் ஒரு சம்மதக் கடிதமும் அத்தகைய வினாவை எழுப்ப வல்லது. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராகப் பணிபுரியும் நண்பரொருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வாறான கடிதமொன்றுடன் என்னிடம் வந்தார். அவருடையது சைவக் குடும்பம். பதினைந்து வயதினளான அவர் மகள், தன் வகுப்புத் தோழியின் திருச்சபையினர் நடத்தும் வாலிபர் முகாமொன்றுக்குச் செல்ல விரும்பினாள். கடற்கரையை அண்டிய ஓரிடத்தில் நான்கு நாள்கள். விளையாட்டு, பாடல், வேத வாசிப்பு, இரவு வழிபாடு. தந்தை கையொப்பமிடல் வேண்டும். இடுவதா, மறுப்பதா என்பதே அவர் கேட்டது.

அனுப்ப வேண்டாம் என உடனே கூறினேன். காரணம் வினவினார். இளமனம் எளிதில் வசப்படும் என்றேன். அவ்விடையுடன் வீடு சென்றவரிடம் மகள் கேட்டதை மறுநாள் அவரே எனக்குச் சொன்னார்: "நல்லூர்த் தேருக்கு அவள் எங்களோட வந்தபோது நீங்கள் சந்தோசப்பட்டனீங்கள்தானே அப்பா? அவளின்ர அப்பா விட்டபடியால்தானே அவள் வந்தவள்?"

இக்கேள்விக்கு நண்பரிடம் விடை இருக்கவில்லை, என்னிடமும் இருக்கவில்லை. நான் கூறிய காரணம் தேர்த் திருவிழாவுக்கும் பொருந்துவது. ஆயினும் அதனை அங்கு பொருத்திப் பார்க்க நான் ஒருபோதும் எண்ணியதில்லை. பிறர் பிள்ளை நம்மிடம் வருங்கால் அதனை 'நல்லிணக்கம்' என்றும், நம் பிள்ளை பிறரிடம் செல்லுங்கால் அதனை 'ஆபத்து' என்றும் பெயரிட்டு அழைப்பது நியாயமாகுமா? இவ்வினாவிலிருந்தே நமது ஆராய்ச்சி தொடங்குதல் வேண்டும்.

முதற்கண் இரு பிரச்சினைகளை வேறுபடுத்தல் அவசியம். ஒன்று பிள்ளையின் பாதுகாப்பு. மற்றது பிள்ளையின் மனச்சாட்சி. அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை இயங்கிய அரச ஆணைக்குழு, சமய நிறுவனங்கள் உட்பட பல்வகை நிறுவனங்களில் சிறுவர்கள் பாலியல் துர்ப்பிரயோகத்துக்கு ஆளானமையையும், நிறுவனத்தின் நற்பெயர் கருதி அவை மறைக்கப்பட்டமையையும் வெளிக்கொணர்ந்தது. எனவே பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர் யார், இரவிலே அவர்களைக் கவனிப்போர் யார், நினைத்த வேளையில் பிள்ளை வீட்டாருடன் பேச முடியுமா என்பன கேட்டே தீரவேண்டிய கேள்விகள். ஆனால் இவை கிறிஸ்தவ முகாமுக்கு மட்டும் உரியன அல்ல. சாரணர் முகாமாயினும், அறநெறிப் பாடசாலை முகாமாயினும் இவற்றைக் கேட்பது பெற்றோர் கடன். இவற்றுக்குத் தக்க விடை கிடையாதவிடத்து வேறு விவாதத்துக்கு இடமில்லை. தக்க விடை கிடைத்த பின்னரே மனச்சாட்சி பற்றிய பிரச்சினை உண்மையில் எழுகின்றது.

பிள்ளையின் சமய வாழ்வின்மீது பெற்றோருக்குள்ள அதிகாரம் எத்தகையது? தனிமனித சுதந்திரத்தை வலியுறுத்திய ஜோன் ஸ்டுவர்ட் மில், 1859இல் வெளியான தமது நூலிலே, அச்சுதந்திரக் கோட்பாடு பராயமடையாதோருக்குப் பொருந்தாது எனத் தெளிவாகவே விலக்களித்தார். அவர்களுக்காகப் பிறர் முடிவுசெய்தல் தவிர்க்க முடியாதது. ஆயின் முடிவுசெய்பவர் உடைமையாளராக நின்று முடிவுசெய்கிறாரா, அன்றித் தருமகர்த்தாவாக நின்று முடிவுசெய்கிறாரா என்பதில் பெரும் வேறுபாடு உண்டு. உடைமையாளர் தம் விருப்பப்படி செய்யலாம். தருமகர்த்தாவோ பிறிதொருவர் பொருளை அவருக்காகக் காத்து, உரிய காலத்தில் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் ஃபைன்பேர்க் 1980இல் எழுதிய கட்டுரையில், பிள்ளைக்குத் 'திறந்த எதிர்காலத்துக்கான உரிமை' உண்டு என வாதிட்டார். பிள்ளை வளர்ந்த பின்னர் பயன்படுத்தவேண்டிய உரிமைகளை இன்றே அழித்துவிடலாகாது என்பது அவர் கருத்தின் சாரம்.

சட்டமும் இவ்விரு நோக்குகளுக்கிடையே தடுமாறியே வந்துள்ளது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், எட்டாம் வகுப்புக்குமேல் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்த அமிஷ் சமயத்தவரின் வழக்கிலே, உச்ச நீதிமன்றம் 1972இல் பெற்றோர் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதியரசர் டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். பெற்றோரின் சமய உரிமை பேசப்படுகின்றது. அப்பிள்ளைகளின் கருத்தை அறிய வேண்டாமா என்பது அவர் எழுப்பிய வினா. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் தனது 14ஆம் உறுப்புரையிலே பிள்ளையின் சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை ஏற்று, பெற்றோர் வழிகாட்டும் உரிமையைப் பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு இயைந்ததாக அமைக்கின்றது. இலங்கை இதனை 1991இல் ஏற்றுறுதிப்படுத்தியது. எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் தான் விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கும் சுதந்திரத்தை 'ஒவ்வோர் ஆளுக்கும்' உரியதாகவே கூறுகின்றது. ஐந்து வயதில் தகுவது பதினைந்து வயதில் தகாது என்பதே 'வளர்ந்துவரும் ஆற்றல்' என்பதன் பொருள். ஆயினும் எந்த நாளில், எந்த அளவு என்பதைச் சட்டம் சொல்லாது. அது வீட்டிலேயே தீர்க்கப்பட வேண்டியது.

இனி, திறந்த எதிர்காலம் என்பதற்கு எழுப்பப்படும் முக்கியமான தடையொன்றை நோக்குவோம். எவ்விதச் சார்புமற்ற வளர்ப்பு என ஒன்று உண்டா? 1762இல் வெளியான 'எமிலி' என்னும் நூலில், இளமைப் பருவம் எய்தும்வரை பிள்ளைக்குச் சமயம் போதிக்கலாகாது என்றார் ரூசோ. ஆனால் சமயம் போதிக்காத வீடும் ஒன்றைப் போதிக்கவே செய்கின்றது. எல்லா மொழிகளையும் பின்னர் தெரிவுசெய்யட்டும் எனக் கருதி எம்மொழியையும் கற்பிக்காது விடப்பட்ட குழந்தை, தெரிவுசெய்யும் ஆற்றலையே இழந்துவிடும். தாய்மொழி ஒன்றில் வேரூன்றியவரே பிறமொழியின் சுவையையும் உணர்வர். அதுபோலத் தேவாரம் கேட்டு வளர்ந்த பிள்ளை, சமயம் என்பது யாதென ஓரளவு உள்ளிருந்து அறிந்த பிள்ளையாகும். எனவே, தம் சமயத்தைப் பிள்ளைக்கு அளிப்பது பெற்றோரின் குற்றமன்று. அது ஒரு கொடையுமாகும். ஆனால் இவ்வொப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. இரு மொழிகள் ஒன்றையொன்று மறுப்பதில்லை. சமயக் கொள்கைகள் மறுக்கக்கூடும். நண்பரின் அச்சம் வெறும் குறுகிய மனத்தின் விளைவு எனத் தள்ளிவிடலாகாமைக்குக் காரணம் இதுவே. மகள் வேறொரு வழிபாட்டுக்கு உரியவளாகிவிட்டால், வீட்டின் விரதங்களும், பாட்டியின் திவசமும், ஒன்றாய் அமர்ந்துண்ணும் உணவும்கூட மாற்றம் பெறும். அவ்விழப்பு மெய்யானது.

இளமனம் எளிதில் வசப்படும் என்ற எனது வாதத்தை இப்போது மீண்டும் சோதிப்போம். நியாயங்களால் விளையும் நம்பிக்கை வேறு. களைப்பு, கூட்ட உணர்ச்சி, இசை, கண்ணீர் என்பவற்றால் விளையும் நம்பிக்கை வேறு. நான்காம் நாளிரவில், நித்திரை குறைந்த நிலையில், நூறுபேர் பாடிக்கொண்டிருக்க, 'முன்னே வருக' என அழைக்கப்படும் பதினைந்து வயதுப் பிள்ளையின் சம்மதம் எத்துணைச் சுதந்திரமானது? இவ்வாறு நான் கேட்டபோது நண்பர் மெதுவாகக் கூறியது என்னை மௌனமாக்கிற்று. அவர் மகள் பத்தாவது வயதிலே வகுப்புத் தோழியருடன் வரிசையில் இருத்தப்பட்டுச் சமய தீட்சை பெற்றவள். அவளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமும் எவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே புறத்தாக்கம் இன்மையைச் சுதந்திரத்தின் அளவுகோலாகக் கொள்ள இயலாது. அவ்வாறு கொள்ளின் எந்த வீடும் எந்தக் கோயிலும் தேறமாட்டா. தன்மீது படிந்த தாக்கத்தைப் பின்னர் நின்று திரும்பிப் பார்க்கவும், வினவவும், வேண்டின் விலகவும் பிள்ளைக்கு இயலுமா என்பதே அளவுகோல். இதனைத் தடுப்பன மூன்று: மறைப்பு, அவசரம், விலை. வீட்டாருக்குச் சொல்லாதே எனல் மறைப்பு. இன்றிரவே முடிவுசெய் எனல் அவசரம். மறுத்தால் அன்பை அல்லது உதவியை இழப்பாய் என உணர்த்தல் விலை.

எமது வரலாறே இதற்குச் சான்று பகரும். 1823இல் தொடங்கப்பட்டு 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியும் ஏனைய மிஷன் பாடசாலைகளும் யாழ்ப்பாணத்துக்கு அளித்த கல்வி பெரிது. எனினும் கல்வியும் உத்தியோகமும் வேண்டி ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர் சைவத்துக்கு மீண்டோர் அக்காலத்தில் இருந்தனர். நம்பிக்கைக்கு விலை குறிக்கப்பட்டவிடத்து நம்பிக்கையே மெய்ம்மை இழக்கும் என்பதை இது காட்டுகின்றது. மறுபுறம், 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகநாவலர் சிறுவயதிலேயே வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தவர். அவ்வனுபவத்தினூடே சென்றவரே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கம், பாடசாலை, அச்சியந்திரம் ஆகிய பாதிரிமாரின் சாதனங்களைச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். பிற சமயச் சூழல் எல்லோரையும் நாவலராக்கும் என்பது என் கருத்தன்று. அருகிருந்து அறிதல் எப்போதும் இழப்பிலேயே முடியும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் போதாது என்பதே இங்குக் கருதத்தக்கது.

மேற்கூறிய அளவுகோலை முகாமின்மீது வைப்பது எளிது. வீட்டின்மீது வைப்பதே கடினம். நண்பர் முகாம் பொறுப்பாளரைச் சந்தித்தார். பாதுகாப்புப் பற்றிய கேள்விகளுக்குத் திருப்தியான விடைகள் கிடைத்தன. பராயமடையாதோரிடம் எவ்வித உறுதிமொழியும் வாங்குவதில்லை என்றும், பிள்ளைகள் அன்றாடம் வீட்டாருடன் பேசலாம் என்றும் அவர் கூறினார். வீடு திரும்பிய நண்பர் மகளிடம், எதனையும் அவசரத்தில் ஏற்கவேண்டாம், ஏற்கத் தோன்றினால் வீட்டிற் பேசியபின் ஏற்கலாம் என்றார். அவள் அதற்கு இசைந்து, தானும் ஒன்று கேட்டாள். தான் வந்து சொல்வதைக் கோபமின்றிக் கேட்பாரா என்பதே அது. அப்போதுதான் விலை குறிப்பவர் முகாமில் மட்டும் இல்லை என்பது தமக்கு விளங்கிற்று என்றார் நண்பர். தந்தை முகம் வாடும் என்றஞ்சி மகள் மறைக்கும் வீட்டில், அனுமதி மறுப்பதால் எதுவும் காக்கப்படுவதில்லை. மகளின் மனம் தந்தைக்குத் தெரியாமற் போவதே மிஞ்சும்.

அவர் கையொப்பமிட்டார். அவள் சென்று வந்தாள். பாடல்கள் பிடித்தன என்றாள். ஒரு பிரசங்கத்தில் பிற சமயத்தவரின் வழிபாடு இழித்துரைக்கப்பட்டது தன்னை வருத்தியது என்றாள். வேதத்தின் சில பகுதிகளை மேலும் வாசிக்க விரும்புவதாகவும் கூறினாள். கடைசியாகச் சொன்னது தந்தைக்கு உவப்பாக இருக்கவில்லை. எனினும் அவர் இறுதிவரை கேட்டார். அவள் எச்சமயத்தவளாக வாழ்வாள் என்பது இன்றும் அவருக்குத் தெரியாது.

எல்லாப் பெற்றோரும் எல்லா முகாமுக்கும் இசைதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. மறைப்பும் அவசரமும் விலையும் உள்ளவிடத்து மறுப்பதே கடமை. அங்ஙனம் மறுக்கும்போதும் காரணத்தைப் பிள்ளை ஆராயத்தக்க வகையில் எடுத்துரைத்தல் வேண்டும். ஆனால் பிறருக்கு விதிக்கும் நிபந்தனையை நமக்கும் விதித்துக்கொள்ளாதவரை நமது மறுப்புக்கு அறத்தின் வலு இராது. அவசரமாக 'வேண்டாம்' என்று கூறிய நான், என் வீட்டிலும் என் பிள்ளைகளிடம் கேளாது செய்தவை எவையென எண்ணிப் பார்க்கத் தொடங்கியது அந்த மாணவியின் கேள்விக்குப் பின்னரே.