சீட்டு எழுதும் பணி

எறையூரிலிருந்து பல்கலைக்கழகம் சென்று, வகுப்பு முடிந்தபின் நிலவியல் ஆராய்ச்சிசாலையில் சொற்ப ஊதியத்திற்குப் பகுதிநேர உதவியாளனாக அமரும் மாணவன், காரை, கருடமங்கலம் ஆகிய ஊர்களில் பொறுக்கி வந்த கிளிஞ்சற் கற்களைக் கழுவி, உலர்த்தி, எண்ணிட்டு, கிடைத்த இடத்தையும் பாறையடுக்கையும் சீட்டில் எழுதி ஒட்டும் காரியத்தை அற்பமென எண்ணக்கூடும். (நண்பர்களும் நகைப்பார்கள்.) ஆயினும், இடம் குறிக்கப்படாத புதைபடிவம், எத்துணை அழகாயினும், விஞ்ஞானத்திற்கு ஏறக்குறைய வெறுங்கல்லே. கேய், கன்லிஃப் என்னும் சேகரிப்பாளர் இருவர் திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரிப் பிரதேசங்களில் திரட்டிய புதைபடிவங்களை இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் லண்டனில் வெளியிட்டபோது, அக்கற்கள் தம் ஊர்ப்பெயரையும் உடன் கொண்டு சென்றிருந்தமையாலன்றோ இன்றளவும் பயன்படுகின்றன! ஆகவே தம்பி, சீட்டைத் திருத்தமாக எழுது. ஊதியத்தோடு, நீ சீட்டெழுதிய கற்களைப் பற்றி வெளியாகும் கட்டுரையின் நன்றியுரையில் உன் பெயரையும் கூசாமல் கேட்டுப் பெறு.