தொல்லை என்று பெயர் பெற்ற செடி

படைப்பின் தொடக்கத்தில் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட பணிகளுள் ஒன்று பெயரிடுதல். கடவுள் விலங்குகளையும் பறவைகளையும் மனிதன்முன் கொண்டுவந்தார் என்றும், அவன் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டான் என்றும் தொடக்கநூல் கூறுகின்றது. செடிகொடிகளுக்குப் பெயரிட்டவர் யார் என்பதைப் பற்றி அந்நூல் ஒன்றும் கூறவில்லை. அப்பணி நமக்கென விட்டுவைக்கப்பட்டது போலும். அதை நாம் எவ்வாறு செய்திருக்கின்றோம்? நாம் இட்ட பெயர் தவறாகிப்போனால், அத்தவற்றுக்கு நாம் பொறுப்பாளிகளா? நீரில் மிதக்கும் ஒரு சிறு பெரணியின் கதை இக்கேள்விகளை நெடுங்காலமாக என்னுள் எழுப்பி வருகின்றது.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்ற புதிதில், குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய மலையடிவாரப் பங்கு ஒன்றில் பணியாற்றினேன். கோவிலுக்குக் கீழே ஒரு குளம் இருந்தது. நீர் கண்ணுக்குத் தெரியாதவாறு ஒரு செடி அதன்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. ஊரார் அதனை ‘ஆப்பிரிக்கப் பாயல்’ என்றனர். மலையாள நாட்டில் வழங்கும் பெயர் அது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கணுவுக்கு மூன்று இலைகள். இரண்டு மிதக்கின்றன. மூன்றாவது நூல் நூலாகப் பிரிந்து நீருக்குள் தொங்குகின்றது. காண்பவர் எவரும் அதனை வேர் என்றே எண்ணுவர். உண்மையில் அச்செடிக்கு வேரே கிடையாது, தொங்குவதும் இலைதான். பூப்பதும் இல்லை, காய்ப்பதும் இல்லை. பெரணி வகையைச் சேர்ந்த அதன் பேரினத்திற்குச் சால்வினியா என்று பெயர். பத்துப் பன்னிரண்டு சிற்றினங்களை மட்டுமே கொண்ட சிறிய பேரினம் அது.

ஊரார் சொன்ன பெயரிலேயே ஒரு பிழை உண்டு. அச்செடியின் தாயகம் தென் அமெரிக்கா. ஆப்பிரிக்காவோ அதனால் பெரிதும் அல்லற்பட்ட கண்டம். திருட்டுக் கொடுத்தவன் பெயரையே திருடனுக்குச் சூட்டியது போன்றதொரு பெயர்!

கற்றோர் இட்ட பெயர்களாவது பிழையற்றவையா எனில், அவற்றின் வரலாறும் நேரானதாக இல்லை. இத்தாலியத் தாவரவியலார் மிக்கேலி, 1729ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில், ஃபுளோரன்சு நகரின் கிரேக்கப் பேராசிரியர் சால்வினியின் நினைவாக இப்பேரினத்திற்குப் பெயர் சூட்டினார். 1753இல் லின்னேயஸ் உலகத் தாவரங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தியபோது, ஐரோப்பாவில் வளரும் சால்வினியாவைத் தனிப் பேரினமாக ஏற்கவில்லை. நம் வயல்களில் வளரும் ஆரைக்கீரையின் பேரினமாகிய மார்சிலியாவுக்குள் அதனைச் சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டே செகியே என்னும் பிரெஞ்சு அறிஞர் சால்வினியாவை மீண்டும் தனிப் பேரினமாக்கினார். ஆயினும் லின்னேயஸ் கண்டது முற்றிலும் பொய்யன்று. இக்காலத்தில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், பேரினங்கள் இரண்டும் வெவ்வேறானாலும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினர் என்று உறுதிசெய்துள்ளனர். பிரித்தவரிடமும் உண்மை இருந்தது. சேர்த்தவரிடமும் உண்மை இருந்தது.

இதுவரை நாம் கண்டது ஏட்டளவில் நடந்த வழக்கு. இதனால் எவருக்கும் பசி நேரவில்லை. பின்னர் நேர்ந்த ஒரு பெயர்ப்பிழையோ ஏழைகளின் வயிற்றைத் தொட்டது.

நம் குளத்தில் கண்ட சால்வினியாவுக்கு மனிதர் கைகளே சிறகுகள் ஆயின. 1939இல் கொழும்பில் ஆய்வுக்காக வளர்க்கப்பட்ட செடி அங்கிருந்து தப்பி இலங்கையின் நீர்நிலைகளில் பரவிற்று. 1950களில் கேரளத்தின் காயல்களையும் நெல்வயல்களையும் அது பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவில் சாம்பேசி ஆற்றின் குறுக்கே கரீபா அணை எழுந்தபின், 1962ஆம் ஆண்டளவில் அந்நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ 1000 சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியிருந்தது. நல்ல சூழலில் சில நாள்களிலேயே இருமடங்காகப் பெருகும் செடி அது. வித்துகளால் அது இனம் பெருக்குவதில்லை. ஒடிந்த ஒரு துண்டே போதும். அதன் கீழுள்ள நீரில் ஒளி புகாது, மீன் பிழைக்காது, மேலே படகு செல்லாது.

இச்செடியை அக்காலத்து அறிஞர்கள் சால்வினியா ஆரிகுலாட்டா என்று கருதினர். அது தென் அமெரிக்காவின் வடபகுதியில் வளரும் நெருங்கிய உறவினம். இரண்டின் மிதக்கும் இலைகளிலும் உள்ள மயிர்கள் நுனியில் ஒன்றுசேர்ந்து சிறு கூண்டுபோல் அமைந்திருக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரிவது அரிது. ஆகவே செடியைக் கட்டுப்படுத்தும் பூச்சிகளைத் தேடிச் சென்றவர்கள் ஆரிகுலாட்டா வளரும் இடங்களுக்கே சென்றனர். அங்கே சேகரித்த கூன்வண்டு முதலியவற்றை ஆப்பிரிக்காவில் விட்டனர். எதிர்பார்த்த பயன் விளையவில்லை. மருத்துவர் திறமையானவர், மருந்தும் நல்ல மருந்து, நோயாளியின் பெயர் மட்டும் மாறிப்போயிருந்தது.

1972ஆம் ஆண்டு, கரீபாவில் இச்செடியை ஆராய்ந்த மிட்செல் என்னும் அறிஞர், இது வேறொரு சிற்றினம் என்று அறிவித்துச் சால்வினியா மொலெஸ்டா எனப் பெயரிட்டார். அதன்பின்னரே இதன் உண்மையான தாயகம் எது என்ற தேடல் சரியான திசையில் திரும்பிற்று. 1978இல் பிரேசில் நாட்டின் தென்கிழக்கில் அது கண்டறியப்பட்டது. அங்கே அதனை உண்டு வாழும் ஒரு கூன்வண்டும் கிடைத்தது. இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள அவ்வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டனர். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏறத்தாழ 18,000 டன் செடி அழிந்தது. பாப்புவா நியூகினியில் செபிக் ஆற்றுச் சமவெளியின் மக்கள், மீன்பிடிக்கவும் சந்தைக்குச் செல்லவும் படகுவழியின்றித் தவித்துக்கொண்டிருந்தனர். 1980களின் நடுவில் அவர்களுடைய நீர்வழிகள் மீண்டும் திறந்தன. 1983க்குப் பின் கேரளத்திலும் அவ்வண்டு நற்பயன் தந்தது.

இதில் வியப்பான மற்றொன்றும் உண்டு. மூண்டாரா ஏரியில் விட்டபோது அவ்வண்டை, முன்பு ஆப்பிரிக்காவில் பயன்தராத அதே வண்டினம் என்றுதான் எண்ணினர். அதுவும் தனி இனம் என்று அறிந்து அதற்கெனப் பெயர் சூட்டியது 1985இல். பிறிதொன்றின் பெயரைச் சுமந்துகொண்டே அது தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

தவறான பெயர் உதவியைத் தடுத்தது. சரியான பெயர் வழியைத் திறந்தது. ஆகவே பெயரிடுவதில் கவனம் தேவை என்று கூறி இக்கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சரியான பெயரே என்னை உறுத்துகின்றது. மொலெஸ்டா என்னும் இலத்தீன் சொல்லுக்குத் ‘தொல்லை தருவது’ என்று பொருள். பிரேசிலின் நீரோடைகளில், தன்னை உண்ணும் பூச்சிகளுக்கு நடுவே அச்செடி அளவோடு வாழ்கின்றது. அதனை வீட்டிலிருந்து பிரித்து, கடல் கடத்தி, அயல்நீரில் விட்டவர்கள் மனிதர்கள். அங்கே நமக்கு நேர்ந்த துன்பத்தை அதன் இயல்பாக எழுதிவைத்தோம். அப்பெயர் செடி யாரென்று சொல்வதைக்காட்டிலும், நாம் பட்ட பாட்டையே மிகுதியாகச் சொல்கின்றது. ஓர் ஈயின் இயல்பைக்கூட எந்த மெய்யியலாரும் முழுமையாக அறிந்துவிட முடியவில்லை என்ற பொருள்பட, நம்பிக்கை அறிக்கையைப் பற்றிய விளக்கவுரையில் புனித தோமா அக்குவினார் குறிப்பிடுகின்றார். குருத்துவக் கல்லூரியில் அதைப் படித்தபோது புன்னகையோடு கடந்துபோனேன். அதன் கனம் எனக்குப் பின்னரே புரிந்தது.

அந்த மலையடிவாரப் பங்கில் எனக்கு முன்னிருந்தவர் விட்டுச்சென்ற குறிப்பேட்டில், ஓர் இளைஞனின் பெயருக்கு எதிரே ‘தொல்லை’ என்ற ஒரே சொல் இருந்தது. ஞாயிறு மறைக்கல்விக்கு அவன் பிந்தி வருவான், வந்தாலும் தூங்குவான், எழுப்பினால் சினந்து பேசுவான். எழுதப்பட்டிருந்த சொல் முற்றிலும் பொருத்தமானதென்று முடிவுசெய்தேன். தொழிற்பயிற்சியில் சேர நன்னடத்தைச் சான்று கேட்டு அவன் வந்தபோது, தர மறுத்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போனான். சில மாதங்களுக்குப்பின் வீடு சந்திக்கச் சென்றபோது அவனுடைய பாட்டி சொன்னார்: “அவன் அப்பனுக்குச் சொகமில்லாம ஆனதுலேந்து, வெளுப்பாங்காலத்துலயே எழும்பி ரப்பர் வெட்டுக்குப் போயிருவான் சாமி. ஒங்க மறைக்கல்வி நேரத்துல அவனுக்குக் கண்ணு தொறக்காது.” அவன் எங்கே என்று கேட்டேன். வேலை தேடி மலையாளத்துப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். அவன் காலைநேரங்களில் எங்கிருந்து வருகின்றான் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

செடிக்குத் தன் பெயர் கேட்பதில்லை. மனிதனுக்குக் கேட்கின்றது, கேட்டபின் அவன் அதற்கேற்பக் குனியவோ விலகவோ செய்கின்றான். பெயர் பொருத்தமற்றது என்பதற்காக மட்டும் அதை மாற்றுவதற்குத் தாவரவியல் விதிகள் இடம் தருவதில்லை. அவ்வளவு கண்டிப்பான அறிஞர்களும் 2024இல் மத்ரித் நகரில் கூடியபோது, ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் சொல்லிலிருந்து பிறந்த ‘கஃப்ரா’ என்னும் பெயரை ‘அஃப்ரா’ எனத் திருத்த வாக்களித்தனர். செடி புண்படாது, அப்பெயரைக் கேட்கும் மனிதர் புண்படுவர் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

அப்படியாயின் பெயரிடாமலும் வகைப்படுத்தாமலும் வாழ இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். இயலாது. ஆசிரியர் மாணவரை வகைப்படுத்துகின்றார். மருத்துவர் நோயாளியை வகைப்படுத்துகின்றார். தாய்கூடத் தன் மக்களுள் இவன் முரடன், இவள் சாது என்கின்றாள். வகைப்படுத்தாத அறிவு யாருக்கும் உதவ முடியாது என்பதைக் கரீபாவின் கதையே காட்டுகின்றது. ஆனால் பெயரிட்டவர்க்கு ஒரு கடன் உண்டு. தாம் இட்ட பெயரோடு விடைபெற்றுவிடாமல், அதைத் தாங்கும் உயிரிடம் அவர் திரும்பவும் செல்லவேண்டும். வேர் என்று நினைத்தது இலையாக இருக்கலாம். தொல்லை என்று கண்டது, தன் வீட்டிலிருந்து பெயர்க்கப்பட்டதன் விளைவாக இருக்கலாம். “இதன் சொந்த நீர் எது?” என்ற கேள்வியைக் கேட்ட பிறகே அந்த அறிஞர்களால் உதவ முடிந்தது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும், பல ஆண்டுகளாக ஒரே சொல்லால் நாம் அழைத்துவரும் எத்தனை பேரைப் பற்றி அக்கேள்வியைக் கேட்டிருக்கின்றோம்?

அப்பங்கிலிருந்து மாற்றலாகும் நாளில், எனக்குப்பின் வருபவருக்காகக் குறிப்பேட்டைத் திறந்தேன். அவ்விளைஞனின் பெயருக்கு எதிரே இருந்த சொல்லை அடித்துவிட்டு, “விடியுமுன் ரப்பர் வெட்டி வீட்டைத் தாங்கியவர், சான்று கேட்டு வந்தால் தயங்காமல் தருக” என்று எழுதினேன். அவன் திரும்பி வந்து கேட்டானா என்பது எனக்குத் தெரியாது.