அப்பா முருகன்கிட்ட இருக்காரா?



இந்த வாரம் தல புராணம் இல்ல. எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன்.

என் பெரியப்பாவுக்கு ஒரே பையன். எனக்கு அண்ணன். வயசு 34, டவுன் சிண்ட்ரோம். மாசாமாசம் கிருத்திகைக்கு அப்பாவும் பிள்ளையும் திருத்தணி போவாங்க. 365 படியையும் அண்ணா சத்தமா எண்ணிக்கிட்டே ஏறுவார். நூறு தாண்டினா கணக்கு தப்பும். பெரியப்பா திருத்தவே மாட்டார்.

போன வருஷம் பெரியப்பா மாரடைப்புல இறந்துட்டார். அண்ணாவால தாங்க முடியாதுன்னு நாங்களே முடிவு பண்ணி, பக்கத்துத் தெரு வீட்டுக்கு அனுப்பிட்டோம். அவர் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வெச்சேன். "அப்பா எங்க?"ன்னு கேட்டப்ப, "முருகன்கிட்ட போயிட்டார்ண்ணா"ன்னு சொன்னேன். நல்ல பதில் சொல்லிட்டோம்னு திருப்தி வேற.

அடுத்த கிருத்திகைக்கு நான் கூட்டிட்டுப் போனேன். தரிசனம் முடிஞ்சும் நகர மாட்டேங்கறார். சன்னதிக்குள்ள எட்டி எட்டிப் பார்க்கறார். "அப்பாவைக் கூப்பிடு"ன்னு குருக்கள்கிட்ட கெஞ்சறார். கையைப் பிடிச்சு இழுத்துட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பூஜை ரூம்ல முருகன் படத்தைச் சுவர் பக்கமா திருப்பி வெச்சுட்டார். அவரைப் பொறுத்தவரை முருகன் அப்பாவைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு அனுப்ப மாட்டேங்கறார். அப்படி நினைக்க வெச்சது நான்.

அப்புறம் சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல, கையைக் கடிச்சுக்கிட்டார். சொந்தக்காரங்க அதை அடம்னாங்க. அவர் போற பயிற்சி மையத்து டீச்சர்தான் அது துக்கம்னு புரிய வெச்சாங்க. "தூங்கிட்டார்"னு சொன்னா இவங்க தூங்கவே பயப்படலாம். "ஊருக்குப் போயிருக்கார்"னா வாசல்லயே காத்திருப்பாங்க. செத்துட்டார்ங்கற வார்த்தையை மறைக்காம சொல்லுங்கன்னாங்க.

பெரியம்மா பக்கத்துல உட்கார்ந்து சொன்னாங்க. "அப்பா செத்துட்டார்ப்பா. மூச்சு நின்னுடுச்சு. இனி பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டார். நீ எந்தத் தப்பும் பண்ணல." அண்ணா ரொம்ப நேரம் அழுதார். மறுநாள் மறுபடியும் "அப்பா எங்க?" அதே வார்த்தையில அதே பதில். பக் மாதிரி ஒரு தடவை சரி பண்ணா முடியற விஷயம் இல்ல இது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பெரியம்மாவுக்கும் புதுசா குத்தும். அதனால பாதி நாள் போன்ல நான் சொன்னேன்.

முருகன்கிட்ட போயிட்டார்ங்கறது நம்ம நம்பிக்கை. அதை நான் விடல. ஆனா இறந்துட்டார்னு முதல்ல புரிஞ்சாத்தான் அது ஆறுதல். உங்க சொந்தத்துல இப்படி ஒருத்தர் இருந்தா, துக்க வீட்டுல அவரை ஒளிச்சு வைக்காதீங்க. வர்றீங்களான்னு கேளுங்க. முகத்தைப் பார்க்கட்டும், மாலை போடட்டும்.

அஞ்சு வயசு வரைக்கும் பேசாத குமரகுருபரரைத் திருச்செந்தூர் முருகன் பேச வெச்ச கதையை நாம எத்தனை தடவை ஷேர் பண்ணியிருக்கோம்! கடைசி வரைக்கும் பேச்சு வராத பிள்ளைங்களுக்கும் அவன்தானே சாமி?

இந்த வருஷம் திதிக்கு எள்ளும் தண்ணியும் அண்ணாவே விட்டார். கை நடுங்கல. கிருத்திகைக்குத் திருத்தணி போனோம். சூரனோட போர் முடிஞ்சு முருகனுக்கே கோபம் தணிஞ்ச மலை இல்லையா அது? அண்ணா சட்டைப் பையில இருந்து பெரியப்பா போட்டோவை எடுத்து சன்னதி பக்கமா நீட்டி, "எங்க அப்பா செத்துட்டார்"னு முருகன்கிட்ட சொன்னார்.

வீட்டுல அந்தப் படம் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கு. பெரியம்மா அப்படியே பூ வைக்கறாங்க.

வேலும் மயிலும் துணை.