பிள்ளைகளின் ஜெபமும் பரங்கிப்பேட்டையும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் வாழும் கிறிஸ்தவப் பெற்றோர் பலர், மாலைதோறும் குடும்ப ஜெபம் தவறாமல் நடக்குமாயின் பிள்ளைகளின் சன்மார்க்கம் தானே அமைந்துவிடும் என்று நம்புகிறார்கள். சுவீடன் தேசத்து மிஷனரியான கீர்னாந்தர் 1740-இல் கடலூருக்கு வந்து, 1758-இல் பிரெஞ்சுக்காரர் நகரைக் கைப்பற்றும் வரையில் பள்ளி நடத்தி ஊழியம் செய்த காலந்தொட்டு, வேதபாடமும் எழுத்தறிவும் இங்கே சேர்ந்தே வளர்ந்திருப்பதால், அந்நம்பிக்கைக்கு ஆழ்ந்த வேர் உண்டு. ஆயினும், ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு பெற்றுத் திரும்பும் குழந்தை, வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குத் தனித் தம்ளரில் காப்பி ஊற்றப்படுவதையும் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறது.

நல்ல சமாரியனின் உவமையை நாம் கற்பிக்கும் முறை என்னை நெடுநாளாக வருத்துகிறது. அவனைப்போல நீயும் இரக்கம் காட்டு என்று சொல்லி, குழந்தையை எப்போதும் கொடுக்கிறவனுடைய ஸ்தானத்திலேயே நிறுத்துகிறோம். அடிபட்டு வழியில் கிடந்தவன், தன் ஜனத்தார் அற்பமாய் எண்ணிய ஒருவனுடைய கையால் உயிர் பிழைத்தான் என்பதையோ, அக்கதையை முதலில் கேட்டவர்களுக்கு அதுவே தாங்கவொண்ணாத பகுதியாய் இருந்திருக்கும் என்பதையோ சொல்லாமல் விடுகிறோம்.

சொல்வதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தேவனாம்பட்டினம் முதலான கரையோர ஊர்களுக்குள் ஆழிப்பேரலை புகுந்து, இம்மாவட்டத்தில் 600-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அன்று சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டையில், சுற்றுக் குப்பங்களிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த மீனவ மக்களுக்கு அவ்வூர் முஸ்லிம் ஜமாஅத்தார் இடம் கொடுத்து, உலை வைத்துப் பரிமாறினார்கள். வந்தவர் வணங்கும் தெய்வம் எதுவென்று அவர்கள் கேட்கவில்லை.

இதைக் குடும்ப ஜெபத்தில் எடுத்துச் சொன்னால் பிள்ளைகளின் விசுவாசம் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. மார்கழியில் நடராஜப் பெருமானின் தேர் சிதம்பரத்து வீதியில் வரும்போது, சன்னலைச் சாத்திக் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. சிறுபான்மையாய் வாழ்வோர் தம் பிள்ளைகள் பெருவெள்ளத்தில் கரைந்துபோவார்களோ என்று கலங்குவது இயல்பாதலால், அவ்வச்சத்தை நான் இகழேன். ஆனால் அயலாரிடத்தில் நன்மையைக் காணாதிருக்கப் பழகிய குழந்தை, வளர்ந்தபின் தன் சபையிலேயே வேறு சாதியாரிடத்திலும் அதைக் காண்பதில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு; அவர்களும் சிறுவயதில் சமாரியன் கதையைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள்.