ஆறாம் நாளில் இரண்டு நாள் மன்னா



சென்ற ஆகமன காலத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் பூசைக்கு மணி அடிக்கும் வேளை, அறைவீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் ஆளுயரப் பை. கொழும்பிலிருந்து நான் வரவழைத்த மெழுகுதிரிப் பார்சலைப் பையன் எடுத்துத் தந்தான். நான் கையொப்பம் வைத்தேன். உறுதிபூசுதலுக்கு நானே ஆயத்தப்படுத்திய பிள்ளை அவன்.

“பூசைக்கு நிற்கேல்லையோ, தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லை, பாதர். இன்னும் விசுவமடு, புதுக்குடியிருப்பு எல்லாம் கிடக்குது. நிண்டால் இண்டைக்குக் காசு இல்லை.”

பரந்தன் பக்கமாகப் போய்விட்டான். அவன் கொண்டுவந்த திரியைப் பீடத்தில் ஏற்றும்போது எனக்குக் கை கூசியது. அவனுடைய ஞாயிற்றுக்கிழமையை வாங்கியவர்களில் நானும் ஒருவன் அல்லவா?

ஓய்வுநாள் கட்டளை வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் சொல்லும் காரணம் நமக்குத் தெரியும்: ஆண்டவர் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமம் ஐந்தாம் அதிகாரம் வேறொரு காரணம் சொல்கிறது. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும், ஏனென்றால் நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன் என்று அது நினைவூட்டுகிறது. மாட்டையும் கழுதையையுங்கூட விட்டுவிடவில்லை. ஆகவே, நான் பூசை கண்டேன், என் கடன் தீர்ந்தது என்று வீட்டுத் தலைவன் சொல்லிவிட முடியாது. வாசலில் நிற்பவனும் கட்டளைக்குள் நிற்கிறான்.

எகிப்தில் நடந்ததையும் சற்றுப் பாருங்கள். ஆண்டவரைத் தொழ மூன்று நாள் விடுதலை கேட்ட மக்களைப் பாரவோன் சோம்பேறிகள் என்று ஏசினான். அதுவரை செங்கல்லுக்கு வேண்டிய வைக்கோலை அரண்மனை கொடுத்தது. அதன்பின் வைக்கோலை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், கல்லின் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்றான். இன்று பல பார்சல் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் சொந்தம், பெற்றோல் சொந்தம், கைத்தொலைபேசி சொந்தம், மழையில் நனைவதும் சொந்தம். கணக்கு மட்டும் கொம்பனியுடையது. பாரவோனுக்கு இந்த ஏற்பாடு நன்றாக விளங்கியிருக்கும்!

ஆனால் லீவு கொடுத்தால் மட்டும் போதுமா? நாட்கூலிக்காரனுக்குச் சம்பளமில்லாத லீவு என்பது பட்டினிக்கு இன்னொரு பெயர். ஆண்டவர் இதை அறிந்தவர். வனாந்தரத்தில் மன்னா பொழிந்தபோது ஆளுக்கு ஒரு படி வீதம் அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. மிச்சம் வைத்தால் புழுத்தது. ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்தது, அது புழுக்கவுமில்லை. ஏழாம் நாள் ஓய்ந்திருங்கள் என்று சொன்னவர், அந்த நாளுக்கான சோற்றை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். விடுமுறைச் சம்பளம் என்று நாம் இன்று சொல்வது இதைத்தான். அப்படியிருந்தும் சிலர் ஏழாம் நாள் கூடையோடு வெளியே போனார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பயந்து பழகிய மனம் அப்படித்தான் செய்யும். அதனால் கொடுப்பதோடு நில்லாமல் கதவையும் பூட்ட வேண்டியிருக்கிறது.

பரிசுத்த பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891 மே 15இல் எழுதிய நிருபத்தில் தொழிலாளியின் ஞாயிறு ஓய்வை ஓர் உரிமையாகவே பேசினார். 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981 செப்ரெம்பர் 14இல் எழுதிய தொழில் பற்றிய நிருபத்தில் வாராந்த ஓய்வோடு வருடாந்த விடுமுறையையும் சேர்த்துச் சொன்னார்.

இலங்கைக் கத்தோலிக்கருக்கு இது புத்தகப் பாடம் மட்டுமல்ல. 1966 தை முதல் 1971 வரை நம் நாட்டில் ஞாயிறு விடுமுறை இருக்கவில்லை. போயா நாட்களே வாராந்த விடுமுறை. பூசை கண்ட கையோடு கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியதை முதியோர் இன்னும் சொல்வார்கள். அன்று நமக்கு வலித்தது. இன்று இந்தப் பிள்ளைகளிடமிருந்து ஞாயிறு போகிறது, ஒரு சட்டமும் இயற்றாமலே போகிறது. நமக்கு ஏன் வலிக்கவில்லை?

சட்டம் இல்லாத நாடும் அல்ல இது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, கிழமையில் 28 மணித்தியாலமேனும் வேலை செய்தவருக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. முதல் வருடம் கழிந்தபின் வருடாந்த லீவு 14 நாள், அமய லீவு 7 நாள். தைப்பொங்கல், மேதினம், நத்தார் போன்ற சட்ட விடுமுறைகளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது பதிலுக்குச் சம்பளத்தோடு வேறொரு நாள். பௌர்ணமிப் போயாவில் வேலை செய்தால் ஒன்றரைப் பங்கு. பெரிய வெள்ளி இந்த வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இல்லை. தனியார் ஊழியர் தம் சொந்த லீவிலிருந்தே அதை எடுக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது.

சிக்கல் எங்கே? ‘ஊழியர்’ என்ற சொல்லில். நீ ஊழியன் அல்ல, ஒப்பந்தக்காரன் என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கிவிட்டால் இந்த லீவெல்லாம் தாளோடு போய்விடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இலண்டனிலும் நம் பிள்ளைகள் இதே வேலை செய்கிறார்கள், அங்கும் இதே தாள்தான். ஆனால் 2018 யூனில் லீட்ஸ் நகரத் தொழில் நியாயசபை, ஹேர்மிஸ் என்ற பார்சல் கொம்பனிக்கு ஓடிய 65 பேர் வெறும் சுயதொழிலாளர் அல்லர் என்று தீர்த்தது. 2019 பெப்ரவரியில் ஜீ.எம்.பி. தொழிற்சங்கத்தோடு அந்தக் கொம்பனி உடன்படிக்கை செய்தது. விரும்பியவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடைக்க வழி திறந்தது. தாளில் எழுதிய பெயரைவிட, உண்மையில் யார் யாரை வேலை வாங்குகிறார் என்பதே அங்கே பார்க்கப்பட்டது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பார்சல் முகவராய் இருக்கும் நம்மவர் ஒருவர் என்னிடம் மனம் நொந்து சொன்னார்: “பாதர், கொழும்பு எனக்கே கொமிசன்தான் தருகுது. நான் எங்கே போறது?” அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மன்னாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு பையன் நாளுக்கு 1,800 ரூபா உழைக்கிறான் என்று வையுங்கள். ஏழாம் நாளின் கூலியை ஆறு நாளில் பரப்பினால் நாளுக்கு 300 ரூபா. அதைப் பார்சல் கூலிக்குள் கரைத்துவிடாமல் புறம்பாக எழுதி, சனிக்கிழமை மாலை அவன் கையில் கொடுத்து, ஞாயிறு கதவைப் பூட்டினால்? பார்சலுக்குச் சில ரூபா கூடும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம், சாமான் வாங்குகிறவர்கள்.

நமக்கு அது பெரிய சுமையா? 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டப்பட்டபின் ஒரு கடிதத்துக்காக ஏங்கியவர்கள் நாம். இன்று செருப்பு ஒரு நாள் பிந்தினால் பையனோடு சண்டை பிடிக்கிறோம்! திங்கட்கிழமை கொண்டு வா, தம்பி என்று சொல்ல நமக்கு வாய் வராதா? வேலை செய்கிற பிள்ளைகளே, நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, ஓடிய நாட்களின் குறிப்பு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தொழில் திணைக்கள அலுவலகத்துக்குத் தனியே போகக் கூச்சமென்றால் சொல்லுங்கள், நான் கூட வருவேன்.

நத்தாரன்று விடியற்பூசைக்கு அந்தப் பையன் வந்திருந்தான். கடைசி வாங்கு, மடியில் தலைக்கவசம். நன்மை வாங்கிய கையோடு தாயின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனான். பாலன் பாட்டுத் தொடங்கும்போது மோட்டார் சைக்கிள் புறப்படும் சத்தம் கேட்டது.