அப்பா எப்போது வருவார்?



இராச் சாப்பாட்டு மேசையில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கிறது. எதிரே ஒரு கதிரை வெறுமையாய்க் கிடக்கிறது. "அம்மா, அப்பா எப்ப வருவார்?" என்று பிள்ளை கேட்கிறது. தாய் தன் கண்களை மறைத்துக்கொண்டு, "கட்டாயம் வருவார். நீ நல்ல பிள்ளையாய்ச் சாப்பிட்டால் கெதியாய் வந்துவிடுவார்" என்கிறாள்.

அன்பு மிகுந்த மறுமொழிதான். ஆயினும் அதில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. அவர் கட்டாயம் வருவார் என்பது அவளுக்குத் தெரியாது, இது முதலாவது. அவர் வருவதற்கும் பிள்ளை சாப்பிடுவதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, இது இரண்டாவது. அப்படியானால் இத்தாய் செய்தது குற்றமா? வேறென்ன அவள் சொல்லியிருக்கலாம்? இக்கேள்வியை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இக்காட்சி ஐக்கிய அமெரிக்காவில், இராணுவ முகாம் ஒன்றை அடுத்த குடியிருப்பில் நடைபெறுவதாக வைத்துக்கொள்வோம். 2001 இல் ஆப்கானிஸ்தானிலும் 2003 இல் ஈராக்கிலும் அந்நாடு யுத்தத்தில் இறங்கியது. ஆப்கானிஸ்தானிலிருந்து அதன் கடைசிப் படையினர் வெளியேறியது 2021 ஓகஸ்டில். இந்த இருபது ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் கணவனோ மனைவியோ மாதக்கணக்காகக் கடல் கடந்து அனுப்பப்பட, மற்றவர் தனியே சிறு பிள்ளைகளை வளர்த்தார். பெரும்பாலும் தாயே வீட்டில் நின்றாள். தாய் படைக்குப் போக, தகப்பன் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்ட வீடுகளும் உண்டு.

"சிப்பாய் வீட்டுக் கவலை நமக்கு எதற்கு?" என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். இராணுவ உடையைக் கண்டு அஞ்சிய காலங்களைக் கடந்து வந்தவர்கள் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. அந்த யுத்தங்கள் நீதியானவையா என்பது பெரிய கேள்வி. அதைத் தனியே ஆராயவேண்டும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை எந்த யுத்தத்தையும் பிரகடனம் செய்யவில்லை. தகப்பனின் உடை எந்த நிறமாயினும், அவர் இல்லாத கதிரையைப் பார்த்து அழும் பிள்ளை எல்லா நாட்டிலும் ஒரே பிள்ளைதான்.

கேள்விக்கு வருவோம். அன்பினால் சொல்லும் பொய் அனுமதிக்கப்பட்டதா? ஏறக்குறைய கி.பி. 420 இல் பொய்யைக் கண்டித்து எழுதிய நூலொன்றில் புனித அகுஸ்தீனார் ஓர் உதாரணம் காட்டுகிறார். ஒருவர் கடும் நோயில் கிடக்கிறார். அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அவருக்கு அது தெரியாது. "என் மகன் உயிரோடு இருக்கிறானா?" என்று உங்களிடம் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே அவர் இறந்துவிடக்கூடும். என்ன சொல்வீர்கள்? தம் மனமும் இவ்விடத்தில் கலங்குவதை அகுஸ்தீனார் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் பொய்க்கு அவர் இடங்கொடுக்கவில்லை. ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதே அவருடைய அச்சம். பிற்காலத்தில் புனித தோமஸ் அக்குவினாஸ் தீங்கு செய்யும் பொய், வேடிக்கைப் பொய், உதவிப் பொய் என மூவகைப்படுத்தி, உதவிப் பொய்யின் குற்றம் இலேசானது, ஆனாலும் குற்றமே என்றார். ஜேர்மன் தத்துவஞானி கான்ற், 1797 இல், கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்னுமளவுக்குப் போனார்.

குருமடத்தில் இவற்றைப் படித்த நாட்களில் நாங்கள் அகுஸ்தீனாரின் பக்கம் நின்று மிக இலகுவாக வாதாடினோம். எங்கள் எவர் மடியிலும் அப்போது பிள்ளை இருக்கவில்லை. அகுஸ்தீனாரோ ஒரு மகனைப் பெற்று, அவனை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். இது தெரிந்தபின் அந்த உதாரணத்தை முன்போல் இலகுவாக வாசிக்க என்னால் முடிவதில்லை.

ஆயினும் அவர் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதை அமெரிக்க வீடுகளில் நடந்த ஒன்றே காட்டும். அங்கே தாய்மார் வர்ணக் கடதாசியில் வளையங்கள் செய்து, சங்கிலியாகக் கோத்துச் சுவரில் தொங்கவிடுவார்கள். நாளொன்றுக்கு ஒரு வளையத்தைப் பிள்ளை கழற்றவேண்டும். கடைசி வளையம் கழலும் நாளில் அப்பா வருவார். வேறு சிலர் ஒரு போத்தலில் அத்தனை இனிப்புகளை இட்டு, நாளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். காலம் என்பது என்னவென்று அறியாத பிள்ளைக்கு அதைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டச் செய்யும் நல்ல உபாயம் இது.

ஆனால் 2007 ஏப்ரலில் என்ன நடந்தது? ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த தரைப்படையினரின் சேவைக் காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீடிக்கப்படுகிறது என்று பாதுகாப்புச் செயலாளர் அறிவித்தார். ஏற்கெனவே அங்கு இருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. 2008 ஓகஸ்டுக்குப் பின் புறப்பட்டோருக்கே பழைய 12 மாதம் திரும்பவும் வந்தது. சுவரில் சங்கிலி தொங்கிய வீட்டை நினைத்துப் பாருங்கள். இன்னும் 90 வளையங்களைத் தாய் புதிதாக ஒட்டவேண்டும். ஒவ்வொரு நாளும் நேர்மையாகத் தன் வளையத்தைக் கழற்றி வந்த பிள்ளைக்கு அவள் என்ன விளக்கம் சொல்வாள்? தன் கையில் இல்லாத திகதியை அவள் தன் வாக்காகக் கொடுத்திருந்தாளாயின், உடைந்தது அரசாங்கத்தின் திட்டம் மட்டுமல்ல. தாயின் சொல்லும் உடைந்தது. தகப்பன் தூரத்தில் இருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு மிஞ்சியிருந்த ஒரே நிலம் தாயின் சொல்தான்.

ஆகவே முதலாவது பொய்யின் கேடு இதுவே: நம் கையில் இல்லாததை நாம் வாக்களிக்கிறோம். வாக்குறுதி நிறைவேறிவிட்டால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நிறைவேறாவிட்டால் துக்கத்தோடு துரோகமும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது பொய் சிறியதாகத் தோன்றினும், அதுவே கொடியது என்பது என் எண்ணம். சிறு பிள்ளை உலகமெல்லாம் தன்னைச் சுற்றியே சுழல்வதாக நினைப்பது. "நான் குழப்படி செய்தபடியால்தான் அப்பா போய்விட்டார்" என்று அது தானாகவே எண்ணிக்கொள்ளும். இதைப் பிள்ளை உளவியல் அறிந்தோர் பலமுறை கூறியுள்ளனர். "நல்ல பிள்ளையாய் இருந்தால் வருவார்" என்னும் சொல் அந்த எண்ணத்துக்கு முத்திரை குத்திவிடுகிறது. தகப்பன் காயப்பட்டாலோ மாண்டாலோ, தான் சாப்பிடாமல் விட்ட ஒரு கோப்பைச் சோறே அதற்குக் காரணம் என்று பிள்ளை நம்பினால் அப்பாரத்தை யார் இறக்குவது? ஐந்து வயதுப் பையனின் தோளைத் தட்டி, "இனி இந்த வீட்டு ஆம்பிளை நீதான்" என்று பெரியவர்கள் சொல்வதும் இதே வகைத் தவறுதான். அது புகழ்ச்சியல்ல, சுமை.

"அப்படியானால் ஒன்றுமே சொல்லாமல் இருப்பது நல்லதல்லவா?" என்று கேட்பீர்கள். மௌனமும் பேசும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இலண்டனில் சிறுவர் இல்லங்களை நடத்திய அன்னா புரொய்ட், டொறதி பேர்லிங்ஹாம் என்னும் இரு பெண்மணிகள் அங்கு கண்டதை எழுதிவைத்தனர். குண்டு விழும் இரவுகளிலும் தாய் அமைதியாய் இருந்தால் பிள்ளை பெரிதும் கலங்கவில்லை. தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது. தாயின் முகத்தைப் பிள்ளை வாசித்துவிடுகிறது. வாய் ஒன்றும் முகம் ஒன்றும் சொன்னால், பிள்ளை முகத்தையே நம்பும்; அத்தோடு இதைப்பற்றிக் கேட்கக்கூடாது என்பதையும் கற்றுக்கொள்ளும். அதற்காகத் தொலைக்காட்சிச் செய்தி முழுவதையும் பிள்ளையின் தலையில் கொட்டவும் வேண்டியதில்லை. உண்மை சொல்வதென்பது அறிந்ததையெல்லாம் சொல்வதன்று. சொல்வது உண்மையாய் இருப்பது.

இனி, அந்தத் தாய் என்ன சொல்லலாம்? "அப்பா தூரத்தில் வேலை செய்கிறார். அவருக்கு உன்னில் நல்ல விருப்பம். எங்களிடம் திரும்பி வர ஆசைப்படுகிறார். என்றைக்கு என்று எனக்கும் தெரியாது. தெரிந்த உடனே உனக்குச் சொல்வேன். அவர் போனது உன்னால் அல்ல. இன்று இரவு நான் உன் பக்கத்தில் படுப்பேன்." இந்தச் சொற்களில் பொய் ஒன்றுமில்லை. கொடுத்த வாக்குகளும் இரண்டுதான்: தெரிந்ததைச் சொல்வேன், இன்றிரவு பக்கத்தில் இருப்பேன். மனிதருக்கு எவ்வளவு கைக்கு எட்டுமோ அவ்வளவே அவை. சற்று வளர்ந்த பிள்ளை, "அப்பா செத்துப்போவாரா?" என்று கேட்டால், "அவரும் கூட இருப்பவர்களும் கவனமாய் இருக்கிறார்கள். எனக்கும் சில வேளை பயம் வருகிறது. எந்தச் செய்தி வந்தாலும் உன்னிடம் மறைக்கமாட்டேன்" என்று சொல்லலாம். தாய்க்கும் பயம் உண்டு, ஆனாலும் அவள் சமைக்கிறாள், கதை சொல்கிறாள் என்பதைக் காணும் பிள்ளை பயத்தோடு வாழும் வகையைக் கற்றுக்கொள்கிறது.

பிள்ளையின் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: "என்னை யார் பார்ப்பார்கள்?" அமெரிக்கப் படையில் தாய் தகப்பன் இருவரும் சேவையில் இருந்தால், அல்லது தனித்த ஒருவர் பிள்ளை வளர்த்தால், பிள்ளையை யார் பொறுப்பேற்பது என்று எழுத்தில் திட்டம் கொடுக்கவேண்டும் என்பது விதி. விதி கேட்காத வீட்டிலும் இதற்கு விடை ஆயத்தமாய் இருப்பது நன்று. "கட்டாயம் வருவார்" என்பதைவிட, "நானும் அம்மம்மாவும் இருக்கிறோம்" என்பது பிள்ளைக்கு உறுதியான தரை.

வெறுங் கதிரையை எப்படி வைத்திருப்பது என்பதும் ஒரு கேள்விதான். 2006 அளவில் மெயின் மாநிலத் தேசியக் காவற்படை, சேவைக்குப் போனவர்களின் உருவத்தை இடுப்புக்குமேல் ஆளளவாக அச்சிட்டு அட்டையில் ஒட்டிக் குடும்பங்களுக்கு வழங்கியது. பிள்ளைகள் அந்த 'அட்டை அப்பா'வை மேசையில் வைத்துச் சாப்பிட்டனர், வாகனத்தில் ஏற்றிச் சென்றனர். முகம் மறவாதிருக்க அது உதவியது. வேறொரு வழியும் உண்டு. வியட்நாம் யுத்தத்துக்குச் சென்று திரும்பிய கடற்படை வைத்தியர் ஒருவரை அவருடைய சிறு மகள் அடையாளம் காணவில்லை. அந்த வேதனையை மறவாத மனைவி 1989 இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். தூரத்திலிருக்கும் தாயோ தகப்பனோ கதைப் புத்தகம் வாசிப்பதைப் பதிவு செய்து பிள்ளைக்கு அனுப்புவதே அதன் பணி. அட்டை இடத்தை நிரப்புகிறது. வாசிக்கும் குரலோ தகப்பனே பிள்ளைக்குத் தரும் நேரம். இரண்டையும் வைத்திருக்கலாம். எது படம், எது அப்பா என்பது மட்டும் பிள்ளைக்குத் தெளிவாய் இருக்கட்டும்.

அவர் திரும்பி வந்தால் எல்லாம் முடிந்ததா? இரண்டாம் உலக யுத்தத்தின்பின் றூபன் ஹில் என்னும் சமூகவியலாளர் ஐயோவா மாநிலத்தில் 135 குடும்பங்களை ஆராய்ந்து 1949 இல் நூல் வெளியிட்டார். தகப்பன் இல்லாமலே செவ்வையாய் நடக்கப் பழகிய குடும்பம், அவர் வந்தபின் அவருக்கு இடம்விடச் சிரமப்பட்டதை அவர் கண்டார். வந்தவரைக் கண்டு பிள்ளை தாயின் பின்னால் ஒளிக்கும், அவர் கோபிக்கக்கூடாது. காயத்தோடு வருவோரும் உண்டு. 'செசமி ஸ்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சியினர் 2006 இல் எல்மோ என்னும் பொம்மையின் அப்பா தூரம் போவதைக் காட்டினர். 2008 இல் இன்னொரு பொம்மையின் அப்பா சக்கர நாற்காலியில் திரும்பி வருவதையும் காட்டினர். "எல்லாம் பழையபடி ஆகும்" என்பதும் நம் கையில் இல்லாத வாக்கு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வராமலும் போகலாம், வந்தாரா இல்லையா என்பதே தெரியாமலும் போகலாம். வியட்நாமில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970 களில் ஆராய்ந்த பொலின் பொஸ் அம்மையார், முடிவு தெரியாத இழப்பே மனிதர் தாங்குவதற்கு மிகக் கடினமானது என்றார். இதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2009 இல் யுத்தம் முடிந்தபின்னும், படத்தைக் கையில் ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரை நாம் அறிவோம். மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்ற தாயை எண்ணி, "அம்மா எப்ப வருவா?" என்று அம்மம்மாவைக் கேட்கும் பிள்ளைகளையும் அறிவோம்.

ஆகையால் வாசகரே, அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல நம் வேலை. களைத்தவளின் வாயில் பொய் இலகுவாக வரும். நாள் முழுவதும் தனியே பிள்ளை வளர்ப்பவளிடம் உண்மையை மட்டும் எதிர்பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையை வாங்கி வைத்திருக்க நாம் முன்வராவிட்டால், நம் நீதி அரைகுறை நீதியே. உங்கள் வீதியிலும் யாரோ ஒருவர் தூரத்தில் இருக்கும் வீடு ஒன்று இருக்கும். இந்த வாரம் அங்கே போங்கள். "கட்டாயம் வருவார், கவலைப்படாதே" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையிலும் இல்லை. "நாளைக்குப் பின்னேரம் வருகிறேன், பிள்ளையை நான் பார்க்கிறேன், நீ கொஞ்சம் நித்திரை கொள்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.