முறிந்த ஸ்டட்

காலை ஏழு மணி. வடசேரியில் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். கனகமூலம் சந்தைக்குக் காய்கறி வண்டிகள் போகின்றன. என் உள்ளங்கையில் இரண்டு இரும்புத் துண்டுகள்.

நேற்று கீரிப்பாறையிலிருந்து இறங்கும்போது ஜீப்பின் முன்சக்கரத்தில் டிக், டிக் என்று கேட்டது. வேகம் கூடினால் அதுவும் கூடியது. டயரில் கல் சிக்கியிருக்கும் என்று 2 கிலோமீட்டர் ஓட்டினேன். ஓட்டியிருக்கக் கூடாது. பின்னால் ரப்பர் பால்வெட்டு முடிந்து வீடு திரும்பும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். நிறுத்திப் பார்த்தால், சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் ஐந்து ஸ்டட்டில் இரண்டு இல்லை. முறிந்த நுனிகள் வீல் கப்புக்குள் கிடந்தன.

*

மேஸ்திரி அண்ணாச்சி வந்ததும் புது ஸ்டட்டைத் தேடவில்லை. துண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் ஒற்றி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார்.

"இது நேத்து ஒடஞ்சதில்ல மக்கா. பாரு."

முறிந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்து வழவழப்பாக இருந்தது. குளம் வற்ற வற்றப் படித்துறையில் தண்ணீர் விட்டுப்போகும் கோடுகளைப் போல அதில் வளைந்த வரிகள். எல்லா வரியும் மரையின் ஒரு பள்ளத்திலிருந்து புறப்பட்டன. மிச்சமிருந்த கால் பங்கு மட்டும் உடைத்த கற்கண்டாக மினுங்கியது. நேற்று முறிந்தது அவ்வளவுதான். மற்றது பல நாளாக, சக்கரம் சுற்றச் சுற்ற, மயிரிழை மயிரிழையாக விரிந்திருக்கிறது. இரண்டாவது துண்டில் கறுப்பு குறைவு, மினுக்கம் அதிகம். முதல் ஸ்டட் விட்ட பாரம் இதன்மேல் ஏறியிருக்கிறது.

வேறு விதமாகவும் முறியும். நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்டட்டின் கழுத்து ஒடுங்கி, முகத்தில் சுழி விழும். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரையே எதிர்ப்பக்கம். தெரியாதவர்கள் கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கி முறிப்பதுண்டு.

*

ஸ்டட்தான் வண்டியைத் தாங்குகிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை. அரை அங்குல ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால், அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ அழுத்தினால், ஸ்டட் துளி நீண்டு, ரிம்மை ஹப்போடு ஏறக்குறைய 4 டன் விசையில் அமுக்குகிறது. ஐந்துமாக 20 டன். அந்த அமுக்கத்தில் ரிம்மும் ஹப்பும் ஒரே இரும்பாகிவிடும். வண்டியின் பாரம் உரசலில் நிற்கும். பிடி தளர்ந்தால்தான் ரிம் அசைந்து ஸ்டட்டை வளைக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை.

இதே வடசேரியில் கோயில் நகை செய்கிறார்கள். கெம்புக்கல்லைக் குழியில் இருத்தி, சுற்றிலும் தங்கத்தை அழுத்துவதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கேயும் எல்லாம் பிடிதான்.

*

இரண்டு மாதம் முன்பு வேறோர் ஊரில் ரிம்முக்குப் பெயின்ட் அடித்து, அந்த ஈரம் காயுமுன் மாட்டினார்கள். பெயின்ட் நசுங்கிய அளவுக்குப் பிடி தளர்ந்திருக்கிறது. சில நாள் ஓடியபின் மறுபடி முறுக்கியிருக்க வேண்டும், நான் முறுக்கவில்லை. நட்டின் அடியில் துருக்கோடு இறங்கியிருந்ததை மழைக்கறை என்று நினைத்துவிட்டேன்.

"மத்த மூணும் நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி?"

"கண்ணுக்கு நல்லாருக்கு. அதுவும் கூட நின்னு பாரம் சொமந்ததாக்கும்."

ஐந்தையும் கழற்றினார். சுத்தியலை எடுக்கவில்லை, ஹப் கோணிவிடும் என்று லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியவற்றைத் தலை ஒட்டும்வரை பிரஸ்ஸிலேயே இறக்கினார். துளை நீண்டுபோன ரிம்மை ஓரம் வைத்தார். ஹப்பின் முகத்தை இரும்புப் பிரஷ்ஷால் வெள்ளி தெரியத் தேய்த்தார். ஸ்பேனருக்குப் பைப் சொருகவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைவதுபோல முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்சால் அளந்தார். ஐந்து முறை டக் என்று கேட்டது.

*

மூன்றாம் நாள். மீட்டரில் 60 கிலோமீட்டர் கூடியிருக்கிறது. தடிக்காரன்கோணத்தில் சாரல். ரெஞ்சை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குந்தினேன். மூன்று நட்டு அசையவில்லை. இரண்டு, கொஞ்சம் ஏறின. பால்வெட்டுப் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏறலாமா?"

"ஏறுங்கோ."